சுவரில் ஊன்றிய கட்டைவிரல்

மனிதன் தன் வாழ்வின் கடிவாளத்தைத் தன் கையிலேயே வைத்திருக்க வேண்டும் என்று அலுவலகத்தில் தேநீர் இடைவேளைதோறும் எடுத்துரைத்து வந்தவன் நான். "பிறர் சொல்லட்டும் என்று காத்திராதீர்கள்! எழுங்கள்! செயலில் இறங்குங்கள்!" என்று முழங்குவேன். முழங்கிய அதே மனிதன், எந்தச் சட்டையை அணிவது என்று மனைவி சொல்லும்வரை காலையில் பனியனோடு காத்திருப்பான். சொல்லவே கூசுகிறது. ஆயினும் சொல்கிறேன், கேட்பவர் எவரேனும் திருந்தலாம்.

ஒருநாள் காலை, வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த மனைவியிடம் பிரகடனம் செய்தேன்.

"இனிமே இந்த வீட்டுல நானாத்தான் முடிவு எடுப்பேன். உன்னைக் கேக்க மாட்டேன்."

"ரொம்ப சந்தோஷம்ங்க. ஒரே ஒரு வேலையை என்னைக் கேக்காம உருப்படியா முடிச்சுக் காட்டுங்க. அப்புறம் வீட்டு முடிவெல்லாம் உங்களோடதுதான்."

"முடிக்கலைன்னா?"

"ஆபீஸ்ல பிரசங்கம் பண்றதை நிறுத்திடணும். பாவம், அவங்களும் மனுஷங்கதானே?"

பந்தயத்தை ஏற்றேன். விடுப்பும் எடுத்தேன். சமையலறைச் சுவரில் ஒரு பலகை மாட்டுவதென்று தீர்மானித்து, துளையிடும் இயந்திரம் கேட்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"பலகையை எங்க போடப் போறீங்க தம்பி?" என்றார் எதிர்வீட்டு அக்கா.

"குழாய்க்கு நேர் மேலக்கா. கையைக் கழுவினதும் டப்பாவை எட்டி எடுக்கலாம்."

"வீட்டுல கேட்டீங்களா?"

"கேட்டுச் செய்யறதுக்கு நான் என்னக்கா, சின்னப் பிள்ளையா?"

குழாய்க்கு நேர் மேலே, சுவருக்குள், தண்ணீர்க் குழாய் ஓடும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரியாத பிள்ளை, யாரையாவது கேட்டுவிட்டுச் செய்யும்.

மாலைவரை அளந்தேன். பிறகு துளைத்தேன். சுவர் என் முகத்தில் காறி உமிழ்ந்தது. பாய்ந்து கட்டைவிரலால் துளையை அடைத்தேன். நீர் நின்றது. என் வீரத்தை நானே மெச்சிக்கொண்ட பிறகுதான் ஓர் உண்மை விளங்கிற்று: வால்வு மொட்டைமாடித் தொட்டியடியில், கைப்பேசி கூடத்தில், நான் இங்கே.

அவ்வேளையில் கதவு திறந்தது.

"ஏங்க, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க?"

"சிந்திச்சுக்கிட்டு இருக்கேன்."

"சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கு?"

"ஆழமா சிந்திச்சா வேர்க்கும்."

தரையைப் பார்த்தாள். இயந்திரத்தைப் பார்த்தாள். என் விரலைப் பார்த்தாள். "சரி, சிந்திங்க. மாடியில துணி காயுது, எடுத்துட்டு வந்துடறேன்" என்று போனாள். இறங்கி வந்து, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் கால் கழுவினாள். பிறகு என் எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு துணியாக மடித்தாள். தேநீர் போட்டாள். என் கோப்பையை மட்டும் எனக்கு எட்டாத இடத்தில் வைத்தாள்.

இயந்திரத்தை வாங்கிப்போக அக்கா வந்தார்.

"தம்பி ஏன் சுவத்துக்கு ஆசீர்வாதம் பண்றாரு?"

"சொந்தமா ஒரு முடிவு எடுத்திருக்காருக்கா. அதை விடாமப் பிடிச்சுக்கிட்டு இருக்காரு."

இருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அக்கா போனார். தேநீரில் ஆடை படிந்தது. என் கை மரத்து, தோள் கெஞ்சியது. ஊருக்கு நான் செய்த உபதேசங்களெல்லாம் வரிசையாக வந்து என் நிலையைப் பார்வையிட்டுச் சென்றன. தலை தானாகத் தாழ்ந்தது.

"அம்மா தாயே! பைப்புல ஓட்டை போட்டுட்டேன். பந்தயத்துல நீயே ஜெயிச்சுக்கோ. ஓடிப்போய் டேங்க் வால்வை மூடு!"

"அதை அப்பவே மூடிட்டேனே. துணி எடுக்கப் போனப்ப."

"என்னது?"

"பைப்புல இருந்த மிச்சத் தண்ணியும் நான் கால் கழுவினதுல போயிடுச்சு."

"அப்ப, இவ்வளவு நேரமா நான் எதை அடைச்சுக்கிட்டு நிக்கறேன்?"

"அதைத்தான் நானும் பார்த்துக்கிட்டு இருக்கேன்."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்க கேக்கவே இல்லையேங்க! என்னைக் கேக்காமச் செய்யற வேலையில நான் குறுக்கே பேசலாமா?"

அன்பர்களே! நீர் வற்றிய துளையை ஆயுள் முழுதும் அடைத்துக்கொண்டு நிற்பவர்கள் நம்மில் எத்தனை பேர்! விரலைச் சற்றே தூக்கிப் பார்க்கும் துணிவல்லவா சுயமுயற்சியின் முதற்படி! இந்த அரிய உண்மை என் நெஞ்சில் பளிச்சிட்ட அந்தக் கணத்திலும் என் விரல் சுவரிலேயே இருந்தது.

"இன்னும் என்னங்க?" என்றாள்.

"எடுத்துடலாமா?" என்று அவளைக் கேட்டேன்.