அத்தியாவசியமான பன்றித்தொடை

மருத்துவக் காப்பீட்டுத் துறையில் மனித இனம் இதுவரை எட்டியிருக்கும் உச்சம் எது என்று கேட்டால், விஸ்கான்சின் மாநிலத்தின் வடகோடியில் டாமராக் என்ற ஊரில், பெர்னிஸின் மதுக்கடையில் நடக்கும் இறைச்சிக் குலுக்கல்தான் என்று தயங்காமல் சொல்லலாம். மற்ற நாட்டார் வரி கட்டி, ஆஸ்பத்திரி கட்டி, காசு வாங்காமல் வைத்தியம் பார்த்து வீணாய்ப் போகிறார்கள். டாமராக்காரர்கள் அந்த வழிக்குப் போனதில்லை. ஒருவனுக்குச் சிறுநீரகம் கெட்டால் பெர்னிஸ் கடையில் கூடுவார்கள். சீட்டு வாங்குவார்கள். சக்கரத்தைச் சுற்றுவார்கள். எண் விழுந்தவருக்கு ஒரு பொட்டலம் பன்றி இறைச்சி, வசூல் சிறுநீரகத்துக்கு. கொழுப்பைப் பரிசாகக் கொடுத்து இதய நோய்க்குப் பணம் திரட்டும் இந்த ஏற்பாட்டில், அடுத்த நோயாளியும் அன்றைக்கே தயாராகிவிடுகிறான் என்பது கூடுதல் சிறப்பு.

இந்த உன்னத அமைப்புக்கு ஒரே ஒரு குறை இருந்தது. அதற்கு விதிகள் இல்லை. அந்தக் குறையைப் போக்கியவர் லைல் டெஷ்.

லைல் மத்திய அரசாங்க ஊழியர். வயல் மண் மழையில் அடித்துக்கொண்டு போய்விடாமல் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்தில் முப்பது வருஷ சேவை. அந்த அக்டோபரில் அரசாங்கத்தையே மூடிவிட்டார்கள். சொந்தமாகக் காப்பீடு வாங்குகிறவர்களின் கட்டணத்தில் அரசாங்கம் ஒரு பங்கை மானியமாக ஏற்றுக்கொண்டிருந்தது. அதை வருஷக் கடைசியோடு நிறுத்துவதா, நீட்டிப்பதா என்று தலைநகரில் இரண்டு கட்சிகளுக்கும் சண்டை. சண்டை தீரும்வரை செலவுக்கு ஒப்புதல் இல்லை. ஒப்புதல் இல்லாததால் சம்பளம் இல்லை. 'அத்தியாவசியமானவர்கள்' சம்பளமில்லாமல் வேலை செய்யவேண்டும். 'அத்தியாவசியமற்றவர்கள்' சம்பளமில்லாமல் வீட்டில் இருக்கவேண்டும். லைல் இரண்டாவது வகை.

சம்பளம் போனதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். அலுவலகத்தைப் பூட்டிய பிறகும் மண் இருந்த இடத்திலேயே இருந்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

நாலாம் நாள் மனசு கேட்காமல் அலுவலகத்துக்குப் போனார். அங்கே ஒரே ஒரு அத்தியாவசிய ஊழியர் இருந்தார்: மேலதிகாரி ஜாய்ஸ் அம்மையார். யாரும் வேலை செய்துவிடாமல் பார்த்துக்கொள்வது அவருடைய பணி.

"லைல், கையில என்னது?"

"தண்ணிக் குவளைங்க. ஜன்னலோரத்துச் செடி வாடிப்போச்சு."

"கீழ வைங்க. ஒப்புதல் இல்லாத நேரத்துல வேலை செய்யறது குத்தம்."

"வேலை இல்லீங்க. சும்மா ஒரு உதவி."

"சும்மா உதவறது அதைவிடப் பெரிய குத்தம். தானா முன்வந்து யாரும் அரசாங்கத்துக்கு ஒண்ணும் செய்யக்கூடாது. சட்டத்துலயே இருக்கு."

"அப்போ செடி?"

"செடி அத்தியாவசியமான்னு மேலேருந்து இன்னும் வரல."

லைலுக்குப் புல்லரித்தது. என்ன தெளிவு! குவளையை வைத்துவிட்டு, அரசவையிலிருந்து வெளியேறுகிறவர்போல மரியாதையாகப் பின்னோக்கியே நடந்து வெளியே வந்தார்.

அதே வாரம் அவருடைய தங்கை ஆர்லிஸ் கூப்பிட்டாள். ஊரில் ஒரே முடிதிருத்தும் கடை அவளுடையது. இதயத்தில் ஒரு வால்வு பழுது. கடைக்கு அவளே முதலாளி, அவளே ஊழியர். ஆகவே காப்பீட்டையும் அவளே மானியத்தோடு வாங்கிக்கொண்டிருந்தாள். வரும் வருஷத்துக்கான கட்டணம் வந்திருந்தது. மானியம் இல்லாமல் மூன்று மடங்கு.

"டிசம்பர் வரைக்கும் எனக்குக் காப்பீடு இருக்கு, அண்ணே. ஆபரேஷன் ஜனவரில."

"முன்னாடியே பண்ணச் சொல்றதுதானே?"

"கேட்டேன். இடம் இல்லையாம். வைத்தியத்துக்கு வரிசையில நிக்கிறதெல்லாம் மத்த நாட்டுலதான்னு டிவில சொன்னான், நம்பிட்டேன்." சிரித்தாள். சிரிப்பின் நடுவில் மூச்சு வாங்கியது. "ஒரு நாலு மாசக் கட்டணம் கையில இருந்தாப் போதும். ஆபரேஷன் முடிச்சு எழுந்துட்டேன்னா நானே சம்பாரிச்சுக் கட்டிடுவேன்."

லைலுக்கு அவள் ஒரே தங்கை. அவர் கையிலும் காசு இல்லை. உடனே பெர்னிஸ் கடைக்குப் போய்க் குலுக்கலுக்கு ஏற்பாடு செய்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் தன்னைத் தானே குழுத் தலைவராக நியமித்துக்கொண்டு, பதினோரு விதிகளும் எழுதினார்.

"சக்கரத்தைச் சுத்தறதுக்கு எதுக்குய்யா விதி?" என்றாள் பெர்னிஸ். பருத்த உடம்பு, கறாரான வாய், கடனுக்கு பீர் கொடுக்கும் மனசு.

"விதி இல்லாட்டி எது அத்தியாவசியம், எது இல்லைன்னு எப்படித் தெரியும்?"

"பீர் அத்தியாவசியம். மத்ததை நீ பாத்துக்க."

இறைச்சிக்கடைக்காரர் தன் பங்குக்கு, புகையில் வாட்டிய முழுப் பன்றித்தொடை ஒன்றை முதல் பரிசாகக் கொடுத்தார். ஒரு கைக்குழந்தை கனம். அது பெர்னிஸின் உறைபெட்டியில் வைக்கப்பட்டது. சாவி, ஐந்தாம் விதியின்படி, லைலின் இடுப்பில் ஏறியது. முப்பது வருஷத்தில் அரசாங்கம் கொடுக்காத ஒரு கம்பீரம் அந்தச் சாவியில் வந்துவிட்டது.

குலுக்கல் அன்று ஊரே திரண்டது. பொரித்த மீன் வாசனையும் ஈரக் கம்பளிச் சட்டை வாசனையுமாகக் கடை நிறைந்தது. சிறப்பு விருந்தினர் அந்தத் தொகுதியின் மக்களவை உறுப்பினர் மதிப்புக்குரிய ராய்ஸ் டெட்மன். அரசாங்கம் மூடியிருந்ததால் அவருக்கு ஊர் சுற்ற நேரம் இருந்தது. மதியமே ஆர்லிஸ் கடையில் முடி வெட்டிக்கொண்டு, அவளோடு படமும் எடுத்துக்கொண்டிருந்தார்.

"நண்பர்களே!" என்று ஒலிபெருக்கியைப் பிடித்தார். "அரசாங்கம் மூடியிருக்கு. ஆனா உங்க இதயம் திறந்திருக்கு!"

கைதட்டல் அடங்கியதும் ஆர்லிஸ் சொன்னாள்: "டாக்டரும் அதையேதாங்க சொன்னாரு. சரியா மூட மாட்டேங்குதாம்."

கடை அதிரச் சிரிப்பு. உறுப்பினரும் பெருந்தன்மையோடு சிரித்தார். "இதுதான் உண்மையான காப்பீடு. அக்கம்பக்கம் கொடுக்கிற காப்பீடு. இதுக்கு ஈடா தலைநகரத்துல என்ன இருக்கு?"

"உங்க சம்பளம் இருக்குங்களே," என்றாள் பெர்னிஸ். "அது நின்னுதா?"

"அரசியல் சாசனம் என்னைச் சம்பளம் வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துது, அம்மா. நான் என்ன செய்ய முடியும்?" என்று அவர் கையை விரித்தார். அரசியல் சாசனத்தின் கொடுமையை எண்ணி இரண்டொருவர் தலையை ஆட்டினார்கள்.

சீட்டு விற்பனை ஆரம்பித்தது. அப்போதுதான் பெர்னிஸ், நல்லெண்ணத்தில், ஒரு யோசனை சொன்னாள். "சம்பளம் வராத அரசாங்க ஆளுங்களுக்குப் பாதி விலைக்குக் குடுத்திடலாம். பாவம், அவங்களும் கலந்துக்கட்டும்."

மெர்ல் ஸ்கோகன் பீர்க் குவளையை மேசையில் வைத்தார். ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர். ஆர்லிஸ் கையைத் தவிர வேறு யார் கையிலும் தலையைக் கொடுக்காதவர். "நில்லு. நான் முழு விலை, அவன் பாதி விலை. ஆனா தொடை யாருக்கு வேணா விழலாம். இதுக்குப் பேரு என்ன?"

"பேரா? சீட்டு."

"மானியம்!"

அந்தச் சொல்லை டாமராக்கில் சின்னப் பிள்ளைகள் முன்னால் சொல்லமாட்டார்கள்.

"உனக்கு முட்டி மாத்துனது யார் காசு, மெர்ல்?" என்றாள் பெர்னிஸ்.

"அது மெடிகேர். அது என் உரிமை. அதுல அரசாங்கம் கை வெக்காம இருந்தாச் சரி!" மெடிகேர் என்பதே முதியவர்களுக்கு அரசாங்கம் நடத்தும் காப்பீடுதான் என்று யாரும் அவருக்கு நினைவூட்டவில்லை.

அவ்வளவுதான். பாதிப் பேர் பாதி விலைக்கு. பாதிப் பேர் முழு விலைக்கு. தத்துவங்கள் பறந்தன. பாதி விலை கொடுத்தால் மக்கள் சோம்பேறியாகி வேண்டுமென்றே சீட்டு வாங்குவார்கள் என்றார் ஒருவர். எல்லோரும் உறுப்பினரைப் பார்த்தார்கள். இரு தரப்பும் பேசித் தீர்க்கவேண்டும் என்று அவர் துணிச்சலோடு கருத்துச் சொல்லிவிட்டு, மீன் சாப்பிடப் போனார்.

லைல் எழுந்தார். மணியை அடித்தார். "ஏழாம் விதி. சீட்டு விலையில ஒப்புதல் இல்லாட்டி குலுக்கல் நிறுத்தப்படும்." உறைபெட்டியைப் பூட்டினார். சீட்டு விற்ற இரண்டு பெண்களும் அத்தியாவசியமற்றவர்கள் என்று அறிவித்து, வீட்டுக்கு அனுப்பினார். பீரும் மீனும் அத்தியாவசியப் பணிகளாகத் தொடர்ந்தன.

ஆர்லிஸ் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்த மெர்லுக்கு முகம் தொங்கிவிட்டது. எழுந்து வந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு கற்றை நோட்டை எடுத்து நீட்டினார்.

"இந்தாம்மா. அது கொள்கை. இது நான்."

பின்னாலேயே நாலைந்து பேர் பர்ஸைத் திறந்தார்கள். லைல் குறுக்கே பாய்ந்தார்.

"உள்ள வைங்க, எல்லாரும்! குலுக்கல் நிறுத்தியிருக்கற நேரத்துல தானா முன்வந்து யாரும் ஒண்ணும் குடுக்கக்கூடாது. பதினொன்றாம் விதி!"

"யோவ், உனக்குக் கிறுக்கா? உன் தங்கச்சிய்யா!" என்றார் மெர்ல்.

"அதனாலதான் கண்டிப்பா இருக்கேன். சொந்தக்காரின்னு சலுகை காட்டினேன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பதற்கு அமெரிக்காவிலும் ஆதாரம் கிடைத்தது. நோட்டுகள் தயங்கித் தயங்கி உள்ளே போயின. உள்ளே போன நோட்டுக்கு மறுபடி வெளியே வரும் வழி தெரிவதில்லை.

ஆர்லிஸ் கோட்டைப் போட்டுக்கொண்டாள். "அண்ணே, சின்ன வயசுல நீ என்னோட கடை வெச்சு விளையாடுவே. அப்பவும் நீ கடையைப் பூட்டிட்டுப் போயிடுவே. நான் வெளியில நின்னு அழுவேன்."

லைலுக்குச் சுருக்கென்றது. ஆனால் இடுப்பில் சாவி இருந்தது. அன்று கடையில் அவரைவிட அத்தியாவசியமான ஆள் யாரும் இல்லை.

நவம்பரில் தலைநகரில் சமரசம் ஆயிற்று. மானியத்தைப் பற்றி டிசம்பரில் வாக்கெடுப்பு நடத்துவதாக வாக்குறுதி. அதற்கு ஈடாக அரசாங்கம் திறப்பு. லைல் வேலைக்குத் திரும்பினார். செடி செத்திருந்தது. வேலை செய்யாத நாட்களுக்கும் சேர்த்துச் சம்பளம் வந்தது. வந்த வழியே வீட்டுக் கடனுக்கும் வண்டிக் கடனுக்கும் போனது. நாடே சமரசம் செய்யும்போது மதுக்கடை செய்யாதா? இறைச்சிக் குலுக்கல் குழுவும் கூடி, பாதி விலையைப் பற்றி டிசம்பரில் வாக்கெடுப்பு நடத்துவதென்று வாக்குறுதி அளித்தது. அதுவரை தொடை உறைபெட்டியில்.

டிசம்பரில் தலைநகரில் மானியம், பெரும்பான்மை கிடைத்தும், அறுபது ஓட்டு சேராமல் தோற்றது. பெர்னிஸ் கடையிலும் கை தூக்கினார்கள். பாதி விலைக்குத்தான் பெரும்பான்மை. மெர்லே இந்தத் தடவை கையைத் தூக்கிவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்தார். லைல் எண்ணினார். முகம் வெளுத்தது. மறுபடியும் எண்ணினார்.

"ஒன்பதாம் விதிப்படி நூத்துக்கு அறுபது வேணும்," என்றார். "ரெண்டு கை குறையுது."

"அந்த விதியை எழுதினது யாரு?" என்றாள் பெர்னிஸ்.

"நான்தான்."

"அழி!"

"அழிக்கறதுக்கும் அறுபது வேணும்."

சொல்லும்போது அவர் குரல் நடுங்கியது என்று பிற்பாடு பெர்னிஸ் சாட்சி சொன்னாள். நடுங்கியதே தவிர, மாறவில்லை.

ஜனவரி முதல் தேதி ஆர்லிஸின் காப்பீடு காலாவதியாயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் மிகவும் இனிமையாகப் பேசி, ஆபரேஷன் தேதியை ரத்து செய்தாள். பிப்ரவரியில் ஒரு காலை, ஒரு வாடிக்கைக்காரர் போய் அடுத்தவர் வருவதற்குள், தன் கடை நாற்காலியில் சற்று சாய்ந்து உட்கார்ந்த ஆர்லிஸ் எழுந்திருக்கவில்லை. கையில் சீப்பு இருந்தது.

சவ அடக்கத்துக்கு வந்த கூட்டம் தேவாலயத்தில் அடங்கவில்லை. அங்கே குனிந்திருந்த தலைகளில் பெரும்பாலானவை அவள் வெட்டியவை. மதிப்புக்குரிய டெட்மனின் தலையும் குனிந்திருந்தது. அவள் கொடுத்த வகிடு கலைந்து, தலைநகரத்து வகிடு விழுந்திருந்தது.

அடக்கம் முடிந்தால் வந்தவர்களுக்குப் பன்றித்தொடை வைத்த ரொட்டி கொடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். பெர்னிஸ் லைலிடம் வந்து உள்ளங்கையை நீட்டினாள்.

"சாவி."

லைல் வாயைத் திறந்தார். ஏதோ ஒரு விதியின் எண் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பிறகு சாவியை அவிழ்த்துக் கொடுத்தார்.

யாரும் கை தூக்கவில்லை. நூற்றுக்கு எத்தனை என்று யாரும் எண்ணவில்லை. மெர்லே கத்தியைத் தீட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொடையை அரிந்தார். ரொட்டிக்கு யாரிடமும் காசு வாங்கவில்லை. முழு விலையும் இல்லை, பாதி விலையும் இல்லை. வேலை உள்ளவன், இல்லாதவன், இரண்டு கட்சிக்காரன், எல்லோருக்கும் ஒரே அளவு. மானியம் என்ற சொல்லை ஒருவரும் உச்சரிக்கவில்லை.

"பாத்தீங்களா?" என்றார் உறுப்பினர், வாயில் ரொட்டியோடு. "ஒரு கஷ்டம்னு வந்தா நம்ம ஜனங்க எப்படி ஒண்ணு சேர்றாங்க!"

லைல் சுவரோரமாக நின்றார். வண்டிக்குள் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதுவிட்டு வந்திருந்தார். இன்னும் மிச்சம் இருந்தது. பெர்னிஸ் ஒரு தட்டில் கனமான துண்டாகப் பார்த்து வைத்து, அவர் கையில் திணித்தாள்.

"சாப்பிடு, லைல். கொஞ்சம்கூடக் கெடாம காப்பாத்தி வெச்சிருக்கே."