உறை பிரிக்காத நான்கு பாகங்கள்

கைப்பேசியில் வந்திருந்த செய்தியைப் பகலவன் இரண்டாம் முறையும் படித்தார்.

'மூன்றாம் பாகத்திலிருந்து பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் ஆறு பாகத்துக்கும் விமர்சனம் எழுதியிருக்கிறீர்கள். ஏழாம் பாகத்தில் சாகப்போவது ஒரு விமர்சகர். – அந்திக்காகம்.'

மேசையைப் பார்த்தார். நான்கு பாகங்கள் உறை கலையாமல் கிடந்தன. கள்ளக்குறிச்சியில், அவர் வீட்டு மேசைமேல் கிடப்பது அந்த ஆளுக்கு எப்படித் தெரியும்?

அந்திக்காகம் என்ற புனைபெயரில் யாரோ வரையும் கிராஃபிக் நாவல் வரிசை அது. பாகத்துக்கு ஓர் இணை உலகம். எல்லா உலகத்திலும் ஒரே இருட்டு, ஓயாத மழை, ஒரு கணவன் கொலை. 'ஒழுங்காக ஒரு கணவனைக் கொல்லத் தெரியாதவருக்கு எதற்குக் கதை?' என்று இணையதளத்தில் கிழித்துவிட்டு, நேற்றுவரை பெருமையாகத் திரிந்தார்.

"எழிலு! நம்ம வூட்டுக்குள்ளாற எவனோ வந்துட்டுப் போயிருக்கான்!"

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி எழில்மதி கத்தியோடு ஓடிவந்தாள். செய்தியைப் படித்தாள்.

"முழுசாப் படிக்காம எழுதனது தப்புதானுங்களே? அழிச்சிடுங்க."

அழித்தார். ஐந்தாவது நிமிடம், 'அழித்தால் ஆயிற்றா?' என்று வந்தது.

சரி, புகழ்ந்துவிடலாம் என்று 'ஒப்பற்ற காவியம்' என ஒரு பக்கம் எழுதிப் போட்டார்.

'உறை இன்னும் பிரிக்கவில்லை.'

பகலவன் எழுந்துபோய் வாசல் கதவைத் தாழிட்டார். ஜன்னல்களைச் சாத்தினார். கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தார். பழைய செருப்புதான் இருந்தது.

"நான் கல்வராயன் மலைக்குப் போயிடறேன் எழிலு. வெள்ளிமலைல நம்ம கூட்டாளி பச்சமுத்து வூட்ல பத்து நாளு இருந்துட்டு வரேன். யாராண்டயும் சொல்லாத!"

"நான் இன்னாங்க சொல்லப்போறேன்?" என்றபடி அவள் குளிக்கப் போனாள்.

சட்டையைப் பைக்குள் திணிக்கும்போது கைப்பேசி மினுங்கியது.

'மலையில் குளிர் ஜாஸ்தி. ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.'

பகலவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உயிர் மேல் ஆசை வந்தது. அவசர அவசரமாக மூன்றாம் பாகத்தின் உறையைக் கிழித்தார். அட்டையைத் திறப்பதற்குள் யாரோ கதவைத் தட்டினார்கள்.

துடைப்பத்தை ஓங்கியபடி கதவைத் திறந்தார். வழக்கமாக வரும் கூரியர் பழனி, பார்சலோடு இரண்டடி பின்வாங்கினான். பிறகு துடைப்பத்தையும் அவர் முகத்தையும் பார்த்துச் சிரித்தான்.

"அந்திக்காகம் மேடத்துக்குப் பார்சல் சார், எழில்மதி அக்காவ வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்க... மூணாம் பாகத்துலேர்ந்து சாவுற புருசனுக்கெல்லாம் உங்க மூஞ்சியையே வரைஞ்சிருக்காங்களே, உங்களுக்கு ரொம்பப் பெரிய மனசு சார்!"