தேன்பொட்டு முறையும் கறையான் சங்கத்தின் மனுவும்

ஒரு காட்டில் ஒரு பியானோ இருந்தது. சிங்கம் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது, மருத்துவ விடுப்பில். எப்போதோ வந்த துரை ஒருவர் ஓய்வு விடுதியில் விட்டுப்போன அந்தப் பியானோவைப் பூவாத்தா என்ற கரடிதான் வாசித்துவந்தாள். காதில் விழுந்ததெல்லாம் அவள் கைக்கு வந்துவிடும். குயில் கூவினால் குயில், மழை பெய்தால் மழை. பியானோ இல்லாத ஒரு நாளை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

அதன்மேல் கறையான் சங்கம் கண் வைத்தது. ‘கேட்பாரற்றுக் கிடக்கும் மரச் சாமானை எங்கள் உணவுக்கு ஒதுக்கித் தரவும்’ என்று காட்டு அலுவலகத்தில் மனுப் போட்டது.

வேறு கரடியாக இருந்தால் மனுவைப் படித்த கையோடு மனுதாரரைத் தின்றிருக்கும். கரடிக்குக் கறையான் என்றால் உயிர். பூவாத்தாவோ நாகரிகம் தெரிந்தவள். கலையைத் தொட்ட நாளிலிருந்து கறையானைத் தொட்டதில்லை. நேரே அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றாள்.

“வருஷா வருஷம் பரீட்சை உண்டுக்கா” என்றது எழுத்தர் காகம். “சொந்தப் பாட்டா இருந்தாலும் சரி, குறிப்பைப் பார்த்து வாசிச்சு யாராச்சும் தேறணும். தேறினா பியானோ இங்கேயே இருக்கும். இல்லேன்னா கறையானுக்கு.”

மாதிரிக்கு ஒரு இசைக் குறிப்பைக் காட்டியது. ஐந்து கோடுகளுக்கு நடுவே தலைப்பிரட்டைகள் நீந்திக்கொண்டிருந்தன. பூவாத்தாவுக்குத் தலை சுற்றியது.

“கட்டையெல்லாம் பக்கத்துல பக்கத்துலதானே இருக்கு? காகிதத்துல மட்டும் எதுக்கு மாடி ஏறி எறங்குது?”

காகம் அக்கம்பக்கம் பார்த்தது. “படிவத்துல ‘குறிப்பு முறை’ன்னு ஒரு கட்டம் இருக்கு. இன்ன முறைதான்னு சட்டம் இல்ல. நீங்களே ஒண்ணு எழுதிக்குங்க.”

பூவாத்தா ஒரு பெரிய தேக்கு இலையை எடுத்தாள். ஒவ்வொரு கட்டைக்கும் மேலிருந்து கீழாக ஒரு கோடு. எந்தக் கட்டையைத் தட்டவேண்டுமோ அந்தக் கோட்டில் ஒரு தேன்பொட்டு. நீண்ட சுரத்துக்குப் பெரிய பொட்டு, குட்டிச் சுரத்துக்குச் சின்னப் பொட்டு. வாசித்து முடித்த வரியை உடனே நக்கிவிட வேண்டும். அப்போதுதான் இடம் தவறாது.

பரீட்சகர் கொக்கார் ஒற்றைக் காலில் நின்று பார்வையிட்டார். அவருக்குக் கொடுத்த பிரதியில் எறும்பு மொய்த்துவிட்டது. குனிந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் குறிப்பு நடந்து வேறு இடத்துக்குப் போயிருந்தது. புரியவில்லை என்று சொன்னால் பதவி என்னாவது?

“அபாரம்! மூணாம் பக்கத்துல மட்டும் கொஞ்சம் அவசரம்” என்றார். இருந்ததே ஒரு இலைதான். பூவாத்தா தேறிவிட்டாள்.

வினை அங்கேதான் பிடித்தது. அலுவலகம் அதற்குப் ‘பூவாத்தா முறை’ என்று பெயர் சூட்டி, இனி எல்லோருக்கும் அதுதான் என்று அறிவித்தது. தேன் பட்டுக் கோப்புகள் ஒட்டிக்கொள்கின்றன என்று பொட்டுகளைக் கறுப்பு மையில் அச்சடித்தது. கொக்கார் இரவு பகலாக அதைக் கரைத்துக் குடித்தார்.

அடுத்த ஆண்டு பரீட்சையில் பூவாத்தா அச்சுத் தாளை முகர்ந்து பார்த்தாள். வாசனையே இல்லை. முதல் வரியை நக்கினாள். கசந்தது, பொட்டும் அழியவில்லை. இரண்டாம் வரியில் இடம் தவறி, நாலாம் வரியில் அப்படியே நின்றுவிட்டாள்.

“பூவாத்தா முறையில உங்களுக்கு அடிப்படையே சரியில்லம்மா” என்று கொக்கார் பூஜ்யம் போட்டுச் சுழித்துவிட்டார்.

வழியெல்லாம் அழுதுகொண்டே வீடு வந்தாள். முறைக்கு அவள் பெயர், பியானோ கறையானுக்கு. இது எந்த ஊர் நியாயம்?

மறுநாள் காலை கறையான் சங்கம் உத்தரவோடு ஓய்வு விடுதிக்கு ஊர்வலமாக வந்தது. ஓர் உறுப்பினர் பாக்கியில்லை.

“கொஞ்சம் தள்ளிக்கிறீங்களாக்கா? பசங்க பசியா இருக்காங்க” என்றார் சங்கச் செயலாளர்.

பூவாத்தா, கோப்போடு கூடவே வந்திருந்த காகத்தைப் பார்த்தாள். “ஆட்சேபணை தெரிவிக்க என்ன படிவம்?”

“பதினொண்ணாம் நம்பர். ஸ்டாக் இல்லக்கா.”

நேற்றிலிருந்து அவள் எதுவும் சாப்பிடவில்லை. வயிறு கடமுடவென்றது. பியானோவை ஒரு முறை தடவிக்கொடுத்தாள். பிறகு குனிந்து, மூக்கைத் தரையில் வைத்து, நீளமாக ஓர் உறிஞ்சு உறிஞ்சினாள்.

காகம் கோப்பைத் திறந்து எழுதியது: ‘மனுதாரர் எவரும் ஆஜராகாததால் மனு முடித்துவைக்கப்பட்டது.’

அன்று பூவாத்தா குறிப்பே இல்லாமல் வெகுநேரம் வாசித்தாள். நடுவில் வந்த ஒரு ஏப்பம்கூடத் தாளத்தில்தான் விழுந்தது.

நீதி: புதுப்புது முறைகளைக் கண்டுபிடிப்பது நல்லதுதான், அதற்காக நம்முடைய காலைச் சாப்பாட்டை மனுப் போடும் அளவுக்கு வளர விடக் கூடாது.