கழிவண்ணைக்கு வந்த காட் மெசின்

அடுத்தவன் பொருளில் தான் எடுப்பதைக் கடவுள் கொடுத்த உரிமை என்றும், தன் பொருளில் அடுத்தவன் எடுப்பதைப் பகல் கொள்ளை என்றும் கழிவண்ணையைப் போல முழுமனதாக நம்பிய இன்னொருவர் கொடிகாமத்தில் பிறக்கவில்லை. அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம்.

தோட்டக்காரர் நூறு கிலோ கொண்டுவந்தால் பத்தைக் கழித்துவிட்டுத் தொண்ணூறுக்கு மட்டும் காசு கொடுப்பது எங்கள் சந்தை வியாபாரிகளின் வழக்கம். அதற்குப் பெயர் கழிவு; அண்ணைக்குப் பட்டப்பெயர் வந்ததும் அதனால்தான். ஏன் கழிக்கிறீர்கள் என்றால், "வாடும், அழுகும், மண் கிடக்கும்" என்பார் அண்ணை. பூசணிக்காய் எப்போது வாடியது என்று பக்கத்தில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கும் நான் ஒருமுறை கேட்டேன். ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஒரு கனடாக் குடும்பம் மாம்பழத்தை வான் வண்டியில் ஏற்றிவிட்டுக் காசுக்குப் பதில் பாங்குக் காட்டை நீட்டியது. காட் உரசும் மெசின் இல்லை என்றதும் பழத்தை இறக்கி வைத்துவிட்டுச் சுப்பர்மார்க்கெட்டுக்குப் போனது. அந்தச் சூட்டோடு அண்ணை பாங்குக்குப் போய், ஒப்பந்தத்தை வாசிக்காமலே கையெழுத்துப் போட்டு மெசினோடு வந்தார். "சும்மா தாறாங்கள்" என்று சந்தை முழுக்கச் சொன்னார். மெசினுக்குச் சந்தனம் வைத்தார். கடைக்குள் சிக்னல் வராததால், வாங்க வந்தவரை ஏ9 வீதியின் நடுக்கோடு வரை கூட்டிக்கொண்டு போய்க் காசு எடுத்தார்.

பிறகு பாங்குக் கணக்கைப் பார்த்தார். பத்தாயிரம் விற்ற இடத்தில் ஒன்பதாயிரத்து எழுநூறுதான் வந்திருந்தது; நூற்றுக்கு மூன்று போய்விட்டது. அண்ணை மெசினைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்தார். எதற்கென்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

அடுத்த நாள் முதல் அந்த முந்நூறைக் காட் நீட்டியவர்களிடமே மேலதிகமாக வாங்கினார். ஒரு லண்டன்காரி பாங்குக்கு முறையிட, மெசினைத் திருப்பி எடுக்கப் பாங்கிலிருந்து ஒரு பிள்ளை வந்து நின்றாள். மெசின் போனால் வெளிநாட்டு வியாபாரமும் கூடவே போய்விடும்.

"மேலாலை வாங்கக் கூடாது ஐயா. ஒப்பந்தத்திலை இருக்கு."

"அப்ப என்ரை முந்நூறு எங்கை பிள்ளை போகுது?"

"காட் குடுத்த பாங்குக்கு ஒரு பங்கு, நடுவிலை நிண்டு காசு மாத்திற காட் கொம்பனிக்கு ஒரு பங்கு, மிச்சம்தான் எங்களுக்கு. வெளிநாட்டுக் காட் எண்டால் இன்னும் கொஞ்சம் கூட. அதையும் யோசிச்சுத்தான் நீங்கள் விலை வைக்கோணும்."

"பொருள் என்ரை. வெயில் குடிச்சதும் நான். ஒரு மூட்டை தூக்காதவங்கள் என்னத்துக்கு எடுக்கிறாங்கள்?"

"உதுதான் வழக்கம் ஐயா. எல்லா இடத்திலையும் எடுக்கினம்."

"எல்லாரும் எடுத்தால் களவு வழக்கமாகுமோ?"

அந்த நேரம் பார்த்துப் புத்தூர்த் தோட்டக்காரர் ஒருவர் தன் வெங்காய மூட்டைகளைத் தராசில் ஏற்றி முடித்திருந்தார். பிள்ளையை முறைத்தபடியே, பழக்கதோஷத்தில் அண்ணையின் வாய் சொன்னது:

"நூறு. பத்துப் போனால் தொண்ணூறு."

பாங்குப் பிள்ளை தன் செருப்பைப் பார்த்தாள். புத்தூர்க்காரர் கூரையைப் பார்த்தார். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அண்ணை தராசை விட்டுக் கண்ணை எடுக்காமலே புத்தூர்க்காரரிடம் சொன்னார்:

"தம்பி, தொண்ணூற்றேழுக்குக் காசு தாறன்."

"என்னண்ணை?"

"பாங்குக்காரனை விட நான் பெரிய கள்ளன் எண்டு ஒருத்தரும் சொல்லப்பிடாது." பிறகு பிள்ளையிடம், "மெசின் கிடக்கட்டும். இனி மேலாலை வாங்க மாட்டன்" என்றார்.

செய்தி புத்தூருக்குப் போக எவ்வளவு நேரம்? அடுத்த சந்தை நாளில் மூட்டை ஏற்றிய லாண்ட்மாஸ்டர் வண்டிகள் எல்லாம் அண்ணையின் வாசலில் நின்றன. மற்ற வியாபாரிகள் கூடிவந்து, பழையபடி பத்துக்கு வரச் சொன்னார்கள்.

"பாங்கு பத்து எடுக்கட்டும். அண்டைக்கு நானும் பத்துக்கு வாறன்" என்றார் அண்ணை.

அவர்கள் அவரைத் தள்ளி வைத்துவிட்டார்கள். முன்பு அவரைச் சுற்றி இருந்து தேநீர் குடித்தவர்கள் இப்போது வேறு கடைக்குப் போகிறார்கள். அவர் பக்கத்தில் நான் மட்டும்தான். தேநீருக்கு ஒருநாளும் அவர் காசு கொடுத்ததில்லை, கொடுக்கும் உத்தேசமும் இல்லை. ஆனால் அந்த மனிதர் அங்கே தனியே இருந்தால் எனக்குத் தேநீர் இறங்காது.