நானே பேர் வெட்டுன சீர் குடம்

அக்கா வூட்டு கிரகப்பிரவேசத்துக்குத் தாய் வூட்டு சீரா ஒரு பித்தளைக் குடம் வாங்கி, அதுல என் பேர வெட்டணும். அவ்ளோதாங்க வேலை.

அக்கா போன்லயே சொல்லிட்டா. "என் மாமியார் ஒவ்வொண்ணா எடுத்துப் பாப்பாங்கடா தமிழரசா. மானத்த வாங்கிடாத."

கள்ளக்குறிச்சியில குடம் வாங்கியாச்சு. கடை வாசல்ல ஒரு அம்மா, மெஷின் பேனாவால யாருக்கோ தட்டுல பேர் வெட்டிக்கினு இருந்தாங்க. நான் சும்மா நின்னிருக்கலாம் இல்ல?

"லைன் கோணலா போவுதே"ன்னேன்.

"சார் இன்னா வேலை செய்றீங்க?"

கேட்டுட்டாங்களே! எங்க கம்பெனியில ஏரோப்பிளேன் இன்ஜின் பாகத்துக்கெல்லாம் ரோபோதான் நம்பர் வெட்டும், மயிரிழை தப்பாது, அத ஓட்றதே நான்தான்னு அளந்து வுட்டேன். பட்டன அமுக்கிட்டு கையக் கட்டிக்கினு நிக்கிறத மட்டும் சொல்லல.

"அப்போ நீங்களே வெட்டுங்க சார்"னு பேனாவ என் கையில குடுத்துட்டாங்க.

சுத்தி நாலு பேரு. பின்வாங்க முடியுமா?

'த' ஓரளவுக்கு வந்துச்சு. 'மி' ஆரம்பிச்சா குடம் உருளுது! எங்க ரோபோவுக்குப் பாகத்த அசையாம இறுக்கிக் குடுப்போம். கேமரா பாத்து சரின்னாதான் அது கையவே தூக்கும். எனக்கு யாரு இருக்கா? பக்கத்துல டீ குடிச்சிக்கினு இருந்த பெரியவர்கிட்ட, "ஐயா, குடத்தக் கொஞ்சம் கட்டிப் புடிங்க"ன்னேன்.

புடிச்சாரு. பேனாவ வச்சேன். கிர்ர்ர்!

"ஐயோ, வயித்துல கூசுதுப்பா!"ன்னு ஒரு துள்ளு துள்ளுனாரு பாருங்க, 'மி'யோட கொக்கி குடத்தோட அடி வரைக்கும் போயிடுச்சு.

கடைக்காரர்கிட்ட குடத்த மாத்திக் குடுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். "பேர் வெட்டுனத எப்படி சார் திருப்பி எடுப்பேன்?"ன்னாரு. நியாயம்தான்.

அந்தம்மாதான் பாவம் பாத்து, அந்தக் கோட்டுல நாலு இலை போட்டு, மீதிப் பேரயும் வெட்டிக் குடுத்தாங்க. கொடி மாதிரியும் இருந்துச்சு, கீறல் மாதிரியும் இருந்துச்சு.

மணலூர்பேட்டையில அக்கா வூட்டு வாசல்ல மேளத்தோட சீர் எறங்குச்சு. அக்கா மாமியார் நேரா குடத்துக்கிட்டதான் வந்தாங்க. கொடிய வெரலால தடவுனாங்க.

"இன்னாடி இது, குடம் விரிசல் வுட்டுருக்கா?"

நடந்தத போன்லயே அக்காகிட்ட சொல்லியிருந்தேன்; அவ மொகம் செவந்துடுச்சு. ஆனாலும் என்னை வுட்டுக் குடுக்கலங்க. "தம்பியே கையால வெட்டுனது அத்தை. ஏரோப்பிளேனுக்கே இவன்தான் நம்பர் வெட்றான்!"

மாமியார் என்னை மேலயும் கீழயும் பாத்தாங்க.

"நல்லவேள, நம்ம வூட்ல எல்லாரும் பஸ்ல போறவங்க."