டாக்டர்தான் கொலைகாரர்

மர்மப் படம் பார்க்க வருகிறவர்கள் ஒரு ரகம். அடுத்தவரைப் பார்க்கவிடாமல் செய்ய வருகிறவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டாவது ரகத்தில் கொட்டகைக்கு நாலு பேர் இருப்பார்கள். அரியலூருக்கு ஒருவரே போதுமானவராக இருந்தார்: குமாஸ்தா பஞ்சநாதன்.

யுத்தம் முடிந்த மறுவருஷம், ஒரு மர்மப் படம் ஊர் டூரிங் கொட்டகைக்கு வருமுன்பே அவர் திருச்சியில் பார்த்துவிட்டார். பார்த்தவர் சும்மா இருப்பாரா? சந்தையில், ஸ்டேஷனில், சவரத்துக்கு உட்கார்ந்த இடத்தில், மனுக் கொடுக்க வந்தவர் காதில், "ஜமீன்தாருக்கு விஷம் வச்சது டாக்டர்தான். முதல் ரீல்லயே கண்டுபிடிச்சுட்டேன்" என்று சொல்லிக்கொண்டே போக, படப்பெட்டி வந்து இறங்குவதற்குள் ஊரே அந்த டாக்டரைத் தூக்கில் போட்டுவிட்டது.

முதல் நாள் வரதராஜன்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்த ஆரோக்கியசெல்வம் வாத்தியார் டிக்கெட் வரிசையில் நின்றார்.

"சார், சொல்லிடாதீங்க. ஆறு மாசமாக் காத்திருக்கேன்."

"நான் ஏங்க சொல்றேன்? டாக்டர் கையை மட்டும் கவனிங்க."

வாத்தியார் முகம் சுண்டிப்போயிற்று. வரிசையை விட்டு விலகி, வந்த வழியே நடந்தார். பஞ்சநாதனுக்கோ ஒரு மனுஷருக்கு டிக்கெட் காசை மிச்சப்படுத்திய திருப்தி.

உள்ளே மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம், பெண்கள் பகுதியில், அவர் மனைவி தனம். டாக்டர் திரையில் தலைகாட்டும்போதெல்லாம் இவர் அர்த்தத்தோடு இருமினார். பத்தாவது ரீலில் அந்த டாக்டரையே யாரோ சுட்டுவிட்டார்கள்.

கொட்டகை மொத்தமும் திரும்பிப் பஞ்சநாதனைப் பார்த்தது.

"நடிக்கிறான்" என்றார்.

திரையில் சிதைக்குத் தீ வைத்தார்கள்.

"இதுவும் நடிப்புதானுங்களா?" என்றார் பின்னால் இருந்த கண்ணையன்.

பஞ்சநாதனுக்கு வேர்த்துக் கொட்டியது. கடைசியில் பார்த்தால், படம் முழுக்க அழுதுகொண்டும் பாடிக்கொண்டும் இருந்த ஜமீன்தாரின் மனைவிதான் கொலைகாரி. அதைக் கண்டு அதிகமாகத் திடுக்கிட்டவர் நம் பஞ்சநாதன்தான்.

"கதையை மாத்திட்டானுவ!" என்று எழுந்து நின்று கத்தினார்.

"ஏங்க," என்றது தடுப்புக்கு அப்பாலிருந்து தனத்தின் குரல், "ரயிலுக்கு நேரமாச்சுன்னு பாதியிலயே எந்திரிச்சு வந்துட்டேன்னு சொன்னீங்களே?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

கர்வம் போனாலும் மனசாட்சி இருக்கிறதே! ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, வரதராஜன்பேட்டைக்கே போய் வாத்தியார் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்க சார். டாக்டர் இல்லைங்க. தைரியமா வந்து பாருங்க."

வாத்தியார் முகம் மலர்ந்தது. "அப்படிங்களா? நாளைக்கே வரேன்!"

"வாங்க வாங்க. ஜமீன்தார் சம்சாரம்தான்னு நான்கூட நெனைக்கலீங்க."

நீங்கள் இப்படிப்பட்டவர் இல்லை, எனக்குத் தெரியும். 'இந்த ஆள் படத்தைக் கடைசிவரை பார்த்திருக்க மாட்டான்' என்று இந்தக் கதையின் பாதியிலேயே பக்கத்திலிருப்பவரிடம் சொன்னவர் வேறு யாரோ.