ஒரு பிடி மண்ணும் உள்ளே வராது

இனி வெளியிலிருந்து ஒரு பிடி மண் இந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று நான் சட்டம் போட்டேன். போர்க்காலத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மாடி வீட்டை ஆமி சோதனை போட்டுவிட்டுப் போன ஒரு காலையில் போட்ட சட்டம் அது.

சோதிக்க வந்த சிப்பாயின் கையில் நீளமான இரும்புக் கம்பி. என் மனைவி அருந்ததி வரவேற்பறை முழுக்கப் பூச்சாடி வைத்திருக்கிறாள். ஒவ்வொரு சாடியிலும் அவன் அடிவரைக்கும் கம்பியை இறக்குவான், கிண்டுவான், இழுப்பான். மண் நிலமெங்கும் சிதறும். ஒளித்துவைத்த குண்டு ஒன்றும் கிடைக்காது. அடுத்த வீட்டுக்குப் போய்விடுவான். ஒவ்வொரு சோதனையிலும் இதே கதை.

சொந்த வீட்டில் நின்றுகொண்டு இதைப் பார்க்க எனக்கு இரத்தம் கொதிக்கும். ஆனால் துப்பாக்கி வைத்திருப்பவனோடு கோபிக்க முடியாது. ஆகவே பூச்சாடிகளோடு கோபித்தேன்.

கூட்டி அள்ளுவது யார்? நான்தான். அருந்ததிக்குத் தூசு ஒத்துக்கொள்ளாது. செடிக்கு மண் போடும்போது மட்டும் ஒத்துக்கொள்ளும்.

அன்றைக்கும் நான் குனிந்து கூட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்துக் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, பல்கனியில நாலைஞ்சு சாடி வைச்சால் மிளகாயும் கறிவேப்பிலையும் போடலாம். கொஞ்சம் நல்ல மண்ணும் பாத்துக் கொண்டு வாங்கோவன்."

பல்கனியில் என் சாய்வு நாற்காலி இருக்கிறது. கடல் காற்றும் பத்திரிகையும் நானும். முழு வீட்டிலும் எனக்கென்று மிஞ்சியிருந்த ஒரே இடம். அதற்குத்தான் குறி.

"வெளியிலயிருந்து ஒரு பிடி மண் இனி இந்த வாசலைத் தாண்டாது. விளங்கிச்சுதோ?"

"ஓம்" என்றாள்.

அவள் உடனே 'ஓம்' என்றால் பயப்பட வேண்டும். கோபத்தில் மறந்துவிட்டேன்.

மறுநாள் மேல்மாடி றேமண்ட் வந்தார். ஓர்க்கிட் வளர்ப்பவர். எங்கள் சாடிகளைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"இன்னும் மண்ணிலயா மச்சான் வளர்க்கிறீங்க? செங்கல் துண்டு போதும். கண்ணாடிப் போத்தல்ல போட்டு, அடியில உரத் தண்ணி விட்டாச் சரி. உள்ளுக்கு இருக்கிறது எல்லாம் வெளியால தெரியும். கம்பிக்கு வேலையே இல்லை."

கம்பிக்கு வேலையே இல்லை. அந்தச் சொல் என் நெஞ்சில் தேனாகப் பாய்ந்தது.

அருந்ததி பதறினாள். "வேண்டாமப்பா. என்ர அந்தூரியம் செத்துப்போகும். கல்லில ஆராவது செடி வளர்ப்பினமே? அதோட இது பொறுமையான ஆக்கள் செய்யிற வேலை. உங்களால ஏலாது."

கலியாணம் முடித்த நாளிலிருந்து அவள் வேண்டாம் என்ற எதையும் நான் செய்யாமல் விட்டதில்லை. இது கொள்கை.

சனிக்கிழமை முழுவதும் வேலை. செங்கல்லைப் பாக்களவு துண்டுகளாக உடைத்தேன். பெருவிரலையும் ஒருமுறை உடைக்கப் பார்த்தேன். துண்டுகளை அலசி ஊறவைத்தேன். செடிகளைப் பிடுங்கி, வேரில் ஒரு துளி மண்கூட இல்லாமல் கழுவினேன். மண் ஒட்டியிருந்தால் தண்ணீரில் வேர் அழுகிவிடும். வாயகன்ற போத்தலில் செடியை வைத்துச் சுற்றிலும் செங்கல் துண்டுகளை நிரப்பினேன். றேமண்ட் தந்த வெள்ளை உரத்தூளைத் தண்ணீரில் கரைத்து, போத்தலின் அடியில் மட்டும் நிற்கும்படி ஊற்றினேன். செங்கல் ஈரத்தை உறிஞ்சி மேலே உள்ள வேருக்குக் கொடுக்கும். குனிந்து குனிந்து நாரி விட்டுப்போயிற்று. குளியலறை வயலாகிவிட்டது.

"களைச்சுப் போனியள்" என்றாள் அருந்ததி. "மண்ணையும் வெறுஞ்சாடியளையும் நான் பாக்கிறன்."

அந்தக் கரிசனையைச் சந்தேகித்திருக்க வேண்டும். தேநீர் நன்றாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

செடிகள் முதலில் இலை பழுத்து என்னைப் பயமுறுத்தின. பிறகு வெள்ளை வெளேரென்று புது வேர்கள் கண்ணாடியில் தெரிந்தன. ஒரே ஒரு குறை: பல்கனிக் கதவை அருந்ததி பூட்டிவிட்டாள்.

"ரோட்டைப் பாத்துக்கொண்டு ஆம்பிளையள் பல்கனியில இருக்கிறது இப்ப கூடாதாம். றேமண்ட் அண்ணை சொன்னவர்."

நாடு இருந்த நிலையில் அது நியாயமாகத்தான் பட்டது. நாட்டைத் திட்டிக்கொண்டு உள்ளே இருந்து பத்திரிகை படித்தேன்.

மறுபடியும் சோதனை வந்தது. அதே சிப்பாய். போத்தல்களைக் கண்டதும் கம்பியோடு திகைத்து நின்றான். மார்பை நிமிர்த்தினேன். அப்போது பக்கத்தில் இருந்த ஜாம் போத்தலைக் கண்டான். பெயர் ஒட்டாத போத்தல். உள்ளே வெள்ளைத்தூள்.

"மே மொகக்த?"

இது என்ன என்று கேட்கிறான். உரத்துக்குச் சிங்களம் தெரியாமல் செடிகளைச் சுட்டிக் காட்டினேன். அவன் மேலதிகாரியைக் கூப்பிட்டான். அதிகாரி தூளைப் பார்த்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் என்று சொல்லும் என் அடையாள அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஜீப்பில் ஏறுவதற்குச் சேட்டு மாற்ற விடுவார்களோ என்று யோசித்தேன்.

அருந்ததி குசினியிலிருந்து கை துடைத்தபடி வந்தாள்.

"மாத்தயாட்ட டிகக் பிஸ்ஸு" என்றாள்.

ஐயாவுக்கு மூளை கொஞ்சம் விசராம். கல்லுக்கு உரம் போட்டு மரம் வளர்க்கிறாராம். ஒரு சிட்டிகைத் தூளை எடுத்துப் போத்தலுக்குள் போட்டும் காட்டினாள்.

அதிகாரி செங்கல்லையும் இன்னும் கட்டு அவிழாத என் பெருவிரலையும் மாறி மாறிப் பார்த்தார். வேறு சாட்சி தேவைப்படவில்லை. தூளைத் திருப்பித் தந்தார். "பவ் நோனா" என்று அவளுக்காகப் பரிதாபப்பட்டார்.

பிறகு பல்கனிக் கதவைத் திறக்கச் சொன்னார். சிப்பாய் கம்பியோடு உள்ளே பாய்ந்தான். சரக், சரக்.

எட்டிப் பார்த்தேன். என் பழைய சாடிகள் வரிசையாக நின்றன. மிளகாய், கறிவேப்பிலை, ரம்பை, தக்காளி. நிலமெங்கும் மண்.

அவர்கள் போனதும் வெடித்தேன்.

"மண் வரக்கூடாதெண்டு சொன்னனானெல்லோ?"

"வெளியில இருந்து ஒரு பிடி வரேல்லையே. இது உள்ளுக்கு இருந்த மண்."

"சாடி?"

"நீங்கள்தானே வெறுமையாக்கித் தந்தனீங்கள்."

"கல்லில வைக்க வேண்டாமெண்டு நீர்தானே அழுதனீர்?"

"செய்யுங்கோ எண்டு சொல்லியிருந்தால் செய்திருப்பியளே?"

பல்கனியை இன்னொரு தடவை எட்டிப் பார்த்தேன். பிறகுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. பட்டதல்ல, படவில்லை.

"என்ர சாய்வு நாற்காலி எங்க?"

"றேமண்ட் அண்ணை வீட்டை. நான் கேட்டதுக்காக வந்து உங்களுக்குச் செங்கல் பாடம் சொல்லித் தந்த மனிசன். அவரை வெறுங்கையோட விடுறதே?"

என் முகத்தைப் பார்த்து அவளுக்கே இரக்கம் வந்திருக்க வேண்டும். குரலைத் தணித்தாள்.

"வேணுமெண்டால் மேல போய் அதில இருந்து பேப்பர் பாருங்கோ. அவர் ஒண்டும் சொல்லமாட்டார்."

தும்புத்தடியை என் கையில் தந்தாள்.

"இதைக் கூட்டிப்போட்டுப் போங்கோ."